எதிராத்து வோட்டு

போன மாதம் ஒரு மாலை, நான் பதினேழு வருஷமாகக் குடியிருக்கும் இந்த நாட்டில், கருத்துக் கணிப்பு எடுக்கும் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். அடுத்த வருஷம் அதிபர் தேர்தல். சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவர் நிற்கக்கூடும் என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. அவளுக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவரை நாட்டின் தலைவராக ஏற்க இந்த நாட்டு வாக்காளர்கள் தயாராக இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா?

அவள் என் பெயரைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, என் உச்சரிப்பிலேயே நான் யார் என்று தெரிந்திருக்கும். கடையிலும் பஸ்ஸிலும் மகளின் பள்ளிக்கூட வாசலிலும் தினம் பார்க்கும் முகங்களை ஒரு சுற்று நினைத்துப் பார்த்தேன். "இல்லை" என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

இதே கேள்வியை என்னிடம் இதற்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் தெருக்காரரான சேஷன் மாமா. அவரிடமும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

சேஷன் மாமா எனக்கு உறவு இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். ஒல்லி, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பென்சில், இரண்டும் சீவினது. கட்சியில் அவருக்குப் பதவி எதுவும் கிடையாது, மேடை ஏறினதும் இல்லை. ஆனால் எந்தத் தேர்தல் வந்தாலும் எங்கள் நாலு தெருவின் வாக்காளர் பட்டியல் அவர் கைக்குத்தான் வரும். மலையாளத்தில் அச்சான அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் எதிரே அவர் ஓர் அடையாளம் போடுவார். நமக்கு விழும் என்றால் சின்னக் கோடு. விழாது என்றால் பெருக்கல் குறி. இரண்டும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் வட்டம். கட்சிக்காரர்கள் அந்த வட்டத்துக்கு "ஆட்டம்" என்று பேர் வைத்திருந்தார்கள்.

இதற்காக அவர் யாரிடமும் உங்கள் வோட்டு யாருக்கு என்று கேட்டதே இல்லை. அக்ரஹாரத்தில் அப்படிக் கேட்பது, பெண்டாட்டியோடு சண்டையா என்று கேட்பது மாதிரி. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி, "எதிராத்துல என்ன பேச்சு?" என்று எதிர்வீட்டைப் பற்றித்தான் கேட்பார். அவ்வளவுதான்.

"சாட்சிகிட்ட நேராக் கேட்டா பொய்தாண்டா வரும்," என்று நான் காலேஜில் படிக்கும்போது எனக்கு விளக்கினார். "எதிராத்தைப் பத்திக் கேளு. மனுஷன் தன் மனசைத் தூக்கி எதிராத்து மேல வெச்சுத்தான் சொல்லுவான். எதிராத்துக்காரர் இந்தத் தடவை மாத்திக் குத்திடுவார்போல இருக்குன்னு ஒருத்தன் சொன்னா, அவன்தான் மாத்திக் குத்தப்போறான். அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

முப்பது வருஷம் அது பலித்தது. வோட்டு எண்ணும் நாளில் எங்கள் பூத்தில் அவர் சொன்னதற்கும் வந்ததற்கும் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்ததில்லை.

போன உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால், கட்சியின் ஏரியா செயலாளர் வினீத் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்கு வந்தான். வார்டில் சுசீலாபாயை நிறுத்தலாமா என்று கமிட்டி யோசிக்கிறது என்றான். வார்டோடு முடிகிற காரியமும் இல்லை. கட்சி ஜெயித்தால் மேயர் நாற்காலிக்கு அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

"ஆரு, நம்ம பாய் சிஸ்டரா?" என்றார் மாமா.

"அதே. நகரத்துக்கே தலை. பேப்பர்ல படம் வரும் சுவாமி." வினீத் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாக்கி பூத்தெல்லாம் குழப்பம் இல்லை. இந்த நாலு தெரு என்ன சொல்லும்னு சுவாமி பார்த்துச் சொன்னா, கமிட்டிக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

சுசீலாபாய் யார் என்று எங்கள் தெருவில் கேட்டால் சிரிப்பார்கள். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். முப்பத்தொரு வருஷம் இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போன அரசாங்க நர்ஸ். தோளில் நீல நிற ஐஸ் பெட்டி, கையில் மடக்குக் குடை. எனக்கும் எனக்குப் பின்னால் பிறந்தவர்களுக்கும் தொடையில் ஊசி போட்டது அந்தக் கைதான். பாய் சிஸ்டர் குத்தினால் குழந்தை அழாது என்று பெயர். சேஷன் மாமாவின் மனைவி லலிதாம்பாள் மாமிக்குச் சர்க்கரைப் புண் வந்து பாதத்தை எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, ஐந்து மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்றினார். ரிட்டயரான பிறகு சம்பளம் இல்லாமல் செய்தது அது. மாமி இன்றைக்கும் இரண்டு காலால்தான் கோயிலுக்கு நடக்கிறாள்.

ஆனாலும் அந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட மாமி வீட்டு அடுக்களை வாசலைத் தாண்டி அவர் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

மாமா பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தச் சுற்று நன்றாக வரவேண்டும் என்று உள்ளூர அவருக்கு ஆசை இருந்தது. அதனாலேயே, ஆசை கண்ணை மறைத்துவிடக்கூடாது என்று வழக்கத்தைவிடக் கறாராக இருந்தார்.

முதலில் சாவித்ரி மாமி. "வக்கீலாத்து ஆள் வந்தாச்சு, இனி குறுக்கு விசாரணைதான்," என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பாய் சிஸ்டரை நிறுத்தலாம்னு பேச்சு. ஜெயிச்சா மேயராக்கும். எதிராத்துல என்ன சொல்லுவா?"

மாமி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "எனக்கென்ன? என் ரெண்டு கொழந்தைக்கும் அவதான் ஊசி போட்டா. எதிராத்துல ஒத்துக்கணுமே! இந்தக் காலத்துப் பசங்க வாட்ஸப்பைப் பாத்துட்டு என்னென்னவோ பேசறதுகள். கேட்டேளா?"

மாமா வட்டம் போட்டார்.

எதிர்வீட்டு ஸ்ரீநிவாஸ் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவன். பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் நின்றான். "அங்கிள், எனிக்கு ஒரு பிராப்ளமும் இல்லை. பட் ஸ்ட்ரீட் இஸ் நாட் ரெடி. எதிர்வீட்டு மாமியெல்லாம் சம்மதிப்பாளோ? பெரியவா இல்லையோ!"

இன்னொரு வட்டம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் கேட்டார். "என்கிட்ட என்ன கேள்வி?" என்றாள் லலிதாம்பாள் மாமி. "அஞ்சு மாசம் என் கால் அவ மடியில இருந்தது. ஆனா தெரு ஒத்துக்கணும்னு ஒண்ணு உண்டே. தோத்துப்போனா பாவம், அவளுக்குன்னா அவமானம்?"

வட்டம்.

நான் வெளிநாட்டில் இருந்தாலும் என் பெயரும் என் அம்மா பெயரும் இன்னும் அந்தப் பட்டியலில் உண்டு. மாமா எனக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டார். "சாய், நீ வெளியிலேர்ந்து பாக்கறவன். தெரு ரெடியாடா?"

நான் அப்போது ரயிலில் இருந்தேன். தமிழில் பேசுகிறேன் என்று யாரும் திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே பேசினேன். "காலம் சரியில்லை மாமா. இங்கேயும் அப்படித்தான் இருக்கு, அங்கேயும் அப்படித்தான் படிக்கறேன். மனுஷாளை நம்பப் பயமா இருக்கு. பாய் சிஸ்டரை நிறுத்தி நோகடிக்காதீங்கோ."

எனக்கும் அம்மாவுக்குமாக இரண்டு வட்டம்.

ஒரு வாரம் சுற்றினார். பெருக்கல் குறி மிகக் குறைவு. கோடும் குறைவு. பக்கம் பக்கமாக வட்டம். முப்பது வருஷத்து வழக்கப்படி அவர் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்தார். எல்லோரும் தங்கள் மனசைத் தூக்கி எதிராத்து மேல் வைத்திருக்கிறார்கள். வாயால் இல்லை என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான். வினீத்திடம் பட்டியலைக் கொடுத்தபோது, "நம்மாளுகள் தயாராகலை" என்று மட்டும் சொன்னாராம். வினீத் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, "சுவாமி கணிச்சா அப்பீல் இல்லை" என்று போய்விட்டான்.

சீட்டு வேறொருவருக்குப் போனது. ரிட்டயரான கல்லூரி வாத்தியார். கமிட்டி அவருக்குக் கொடுத்த பெயர் "பொதுவான ஆள்". அவருக்கு இந்தத் தெரு தயாரா என்று யாரும் எந்த வாசலிலும் போய்க் கேட்கவில்லை. எந்த ஊரிலும் பொதுவான ஆளுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை.

சுசீலாபாய் மடக்குக் குடையை எடுத்துக்கொண்டு, பொதுவான ஆளுக்காக எங்கள் நாலு தெருவிலும் வாக்காளர் ஸ்லிப் கொடுத்துக்கொண்டு போனார்.

பொதுவான ஆள் முப்பத்தெட்டு வோட்டில் தோற்றார். எங்கள் பூத்தில் மட்டும் நூற்றொன்பது பேர் வோட்டுப் போடவே வரவில்லை. மாமாவின் முப்பது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

நான் ஜனவரியில் லீவில் போனபோது மாமா ஆளே இளைத்திருந்தார். வோட்டுப் போட வராதவர்கள் பெயரை ஒரு தாளில் தனியாக எழுதிவைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, வாசல் வாசலாகப் போய் நேராகக் கேட்டிருக்கிறார்: ஏன் வரலை?

சாவித்ரி மாமி வீட்டுக்கு அவர் போனபோது நானும் கூட இருந்தேன்.

"எந்த மூஞ்சியை வெச்சுண்டு வரது?" என்றாள் மாமி. "நிக்கவேண்டியவளே வாசல்ல வந்து நின்னு இன்னொருத்தருக்கு வோட்டுக் கேட்டா! ஸ்லிப்பை வாங்கி வெச்சுண்டேன். போகலை. அவளை நிறுத்தியிருந்தா முதல் ஆளாப் போயிருப்பேன்."

"அன்னிக்கு எதிராத்துல ஒத்துக்கணுமேன்னேளே!"

"எதிராத்துல ஒத்துக்கணுமேன்னேன். நான் ஒத்துக்கமாட்டேன்னு சொன்னேனா? பெத்த கொழந்தையோட தொடையைக் காட்டினவா, ஒரு வோட்டைக் காட்டமாட்டோமா?"

மாமா தெருவைக் கடந்தார். ஸ்ரீநிவாஸ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே சொன்னான். "நான் போட்டிருப்பேனே அங்கிள். மாமி போடமாட்டான்னுதானே சொன்னேன்." எதிரே மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

கட்சிக்கு வோட்டுப் போடுவதில் மனுஷன் தன் மனசை எதிராத்து மேல் வைப்பான். மாமா கற்றது சரி. ஆனால் இந்த ஒரு தடவை எல்லோரும் நிஜமாகவே எதிராத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். அது அவருக்குத் தெரியவில்லை. நானூறு பேரின் மனசைப் படித்ததாக நினைத்து, நானூறு பேரின் பயத்தைப் படித்துக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம், "கூட வாடா, தனியாப் போகத் திராணி இல்லை" என்று என்னைக் கூட்டிக்கொண்டு சுசீலாபாய் வீட்டுக்குப் போனார். ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில் சின்ன வீடு. ஐஸ் பெட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது; அதன் மேல் செடித்தொட்டி.

"வாங்க சாமி, இரிங்க. வா மக்கா, எப்பம் வந்தே?" என்று என் கையைப் பிடித்தார். பிடித்தபடியே, "இரிங்க, இளநி வெட்டுதேன்" என்று பின்கட்டுக்குப் போய்விட்டார். எப்போதும் அப்படித்தான். அக்ரஹாரத்திலிருந்து யார் வந்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. இளநீரும் வாழைப்பழமும்தான் வரும். தோலுக்குள் இருப்பதற்குத் தீட்டு இல்லை என்று அவரே எங்களுக்காக யோசித்து வைத்திருந்த வழி அது.

மாமா இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

"எல்லாரும் போட்டிருப்பாளாம் சிஸ்டர். நான்தான் தப்பா வாசிச்சுட்டேன். என்னாலதான் போச்சு."

"தெரியும் சாமி. சிலிப்பு குடுக்கப் போனப்பவே ஒவ்வொரு வீட்லயும் சொன்னாவ. நான் போட்டிருப்பேன், நான் போட்டிருப்பேன்னு. அம்பது வீட்ல கேட்டாச்சு. அப்பம் உங்ககிட்ட சொல்லி என்னத்துக்கு?"

"என் மேல உங்களுக்குக் கோபமே இல்லையா?"

சுசீலாபாய் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். "வினீத் மொதல்ல என்கிட்டதான் வந்தான் சாமி. சிஸ்டருக்குச் சம்மதமான்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குச் சம்மதந்தான், ஆனா அக்ரஹாரத்துல ஏத்துக்கிடுவாவளான்னு சேஷன் சாமிட்ட கேட்டுக்கோன்னேன். நான்தான் அனுப்புனேன். எனக்கும் நீங்கதானே எதிர்வீடு."

ஆற்றின் மறுகரையில் பஸ் ஹாரன் கேட்டது.

"ஒண்ணு மட்டும் கேக்கட்டா சாமி? அந்த லிஸ்ட்ல உங்க பேரும் உண்டுமே. அதுக்கு நேரா என்ன போட்டிய?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "வட்டம்."

"ஆமா," என்றார் அவர், ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுகிறபோது பேசும் குரலில். "ஆமா. அதுதான் நானும் நெனச்சேன்."

மாமா இளநீரைத் தரையில் வைத்தார். "எனக்கு ஒரு சாயா போட்டுத் தரேளா?"

சுசீலாபாய் அவரையே பார்த்தார். "நீங்க குடிக்க மாட்டியன்னுல்லா இத்தன வருசமும் நெனச்சேன்."

"நீங்க கேட்டதே இல்லையே, சிஸ்டர்."

"நீங்களும் கேக்கலியே சாமி."

அடுப்பைப் பற்றவைக்க எழுந்து போனார். டீ வந்தது. மாமாவுக்குச் சர்க்கரை ஆகாது. அது தெரிந்த நர்ஸ், போடவில்லை. மாமா அடிவரை குடித்தார்.

போன மாதம் அந்தக் கருத்துக் கணிப்புப் பெண் ஃபோனை வைத்ததும் நான் மாமாவைத்தான் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"உன்னைக் கேட்டாளா, எதிராத்தைக் கேட்டாளா?"

"எதிராத்தை."

"நீ உன்னைப் பத்திச் சொன்னியா?"

"இல்லை மாமா."

"ம்," என்றார். பிறகு, "இங்கே பட்டியல் புதுப்பிக்கறா, கேட்டியா," என்றார். "பாய் சிஸ்டர் பாறசாலைக்கே போயாச்சு. மக ஷாலு கூட்டிண்டு போயிட்டா. வீட்டைப் பூட்டியாச்சு. செத்தவா, ஊரைவிட்டுப் போனவா பேரெல்லாம் நான்தானே அடிச்சுக் குடுக்கணும்? அவா பேரு வந்துது. ஃபோன் பண்ணி நேராக் கேட்டேண்டா. சிஸ்டர், பேரை எடுக்கட்டுமா, இருக்கட்டுமா, உங்க மனசுல என்னன்னு."

"என்ன சொன்னா?"

"எடுத்துருங்க சாமின்னா."

"எடுத்துட்டேளா மாமா?"

"பேர் மேல கோடு போடறச்சே கை கோணிடுத்து," என்றார் மாமா. "அழிச்சுட்டு ஸ்கேல் வெச்சுப் போட்டேன்."